இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

தென்மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் 31 ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணிக்கே கோயில் நிரம்பிவிடும். பழைய வருஷத்தைப் பாட்டோடு அனுப்பிவைத்து, பன்னிரண்டுக்கு மணி அடித்ததும் புது வருஷ ஆராதனை. முடிந்து வெளியே வரும்போது வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று விசாரித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். யாருக்கும் கண்டிப்பு வசனம் வந்ததில்லை. வேதம் முழுக்க இவ்வளவு திட்டு இருக்கிறதே, ஒன்றுகூட அட்டையில் ஏறவில்லையே என்று சின்ன வயசில் எனக்கு ஆச்சரியம்.

அந்தத் தட்டின் ராஜா எரேமியா 29:11. கர்த்தர் நம்மைக் குறித்து நல்லதையே நினைத்திருக்கிறார், எதிர்பார்க்கும் முடிவைத் தருவார் என்ற கருத்தில் வரும் வசனம். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், புது வீட்டுப் பிரதிஷ்டை அழைப்பிதழில் இருக்கும், ஆட்டோவின் முதுகில் இருக்கும், பிளஸ் டூ எழுதப் போகும் பிள்ளையின் பேனா டப்பாவில்கூட ஒட்டியிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஐம்பது வயசு முடியவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வலது கையில் பிரஷ் நிற்காமல் திணறினார். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எரேமியா 29:11-ஐத்தான் கொண்டுவந்தார்கள். வாட்ஸ்அப்பிலும் அதுவே வந்தது, பூவும் சூரிய உதயமும் பின்னணியாக. ஐ.சி.யு. வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேரம் நிறைய உண்டு. ஒரு ராத்திரி அந்த ஒரு வசனத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இரண்டு அதிகாரத்திலிருந்து வாசித்தேன். அன்றைக்கு வாசித்தது இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதை இதுதான். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜா எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் மீந்தவர்களுக்கு ஒரே கேள்வி: போனவர்கள் எப்போது திரும்புவார்கள்? எரேமியா தன் கழுத்தில் ஒரு நுகத்தைப் போட்டுக்கொண்டு, பாபிலோனின் ஆட்சிக்குக் கீழே கிடந்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்போது அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில், ஜனங்கள் முன்னால், "இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்" என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கவும் செய்கிறான். யாருக்குக் கைதட்டு விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அனனியாவின் பேச்சைக் கேட்டதும் எரேமியா முதலில் சொன்ன வார்த்தை "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். அவருக்கும் அந்த நல்ல செய்தி மெய்யாக வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. ஆனால் தனக்குச் சொல்லப்பட்டது வேறு. அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் வருகிறது. அதில் அவர் எழுதியிருப்பது: அங்கே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம்பண்ணுங்கள். காரணம், எழுபது வருஷம் ஆகும். இந்த எழுபது வருஷம் இருப்பது பத்தாம் வசனத்தில். நம் அட்டையில் அச்சாவது பதினோராவது.

எழுபது வருஷம் என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்ப மாட்டார்கள். கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539-ல். அதற்குள் இவர்களில் அநேகருடைய கல்லறை அந்த ஊரிலேயே வந்திருக்கும். அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது, உங்களைக் குறித்து நல்ல நினைவுதான் என்று. கடிதம் கிடைத்தவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லவுமில்லை. செமாயா என்று ஒருத்தன், இவனை ஏன் கண்டிக்காமல் விட்டிருக்கிறீர்கள், நெடுநாளாகும், வீடு கட்டு, தோட்டம் போடு என்று எழுதுகிறானே என்று எருசலேமுக்குப் புகார்க் கடிதம் போட்டான். எனக்குச் செமாயா மேல் கோபமே வரவில்லை. ஐ.சி.யு. வாசலில் நானும் அவன் கட்சிதான்.

அந்த ராத்திரி எனக்கு ஆறுதல் கிடைத்ததா என்றால், உடனே கிடைக்கவில்லை. வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் மறுநாள் டாக்டர், "உயிருக்கு ஆபத்து தாண்டியாச்சும்மா, ஆனா இது நீண்ட நாள் வேலை" என்றபோது நான் நொறுங்கிப்போகவில்லை. நீண்ட நாள் வேலை என்று கடவுளும் ஒரு தடவை கடிதம் எழுதியிருக்கிறார் என்ற எண்ணம் கூட இருந்தது.

இந்த இடத்தில் வேதத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கிப்போனாலோ, பேச்சு குழறினாலோ, ஜெபம்பண்ண ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு. ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டும் ஜெபிக்கலாம். நான் அப்படித்தான் ஜெபித்தேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு வருகிறவர்கள் கூடிப்போனார்கள். நம் ஜனங்களிடம் உள்ள நல்ல குணம், நோயாளியைப் பார்க்க வராமல் இருக்க மாட்டார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில், "வீட்டுல ஏதாவது அறிக்கை பண்ணாத காரியம் இருக்காம்மா?" என்றார். காணிக்கை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டவரும் உண்டு. ஒரு பெரியம்மா, "ஆண்டவர் தாங்கக்கூடிய ஆளுக்குத்தான் கொடுப்பாரு, நீ தைரியசாலி, அதான் உனக்கு" என்றார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அப்படியானால் தொடை நடுங்கியாகப் பிறந்திருக்கலாமே என்று மனசுக்குள் ஓடியது.

யோபுவின் சிநேகிதர்களை நாம் ரொம்பத்தான் திட்டுகிறோம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வந்ததும் முதலில் செய்த காரியம் அருமையானது. அவன் துக்கம் பெரிது என்று கண்டு, ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு எழுந்து போயிருந்தால் வேதத்திலேயே நல்ல சிநேகிதர்கள் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். வாயைத் திறந்தார்கள், புஸ்தகம் நாற்பத்திரண்டு அதிகாரம் ஆகிவிட்டது. கடைசியில் கர்த்தர் எலிப்பாஸைப் பார்த்து, என்னைக் குறித்து யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபு என்ன பேசினான்? பிறந்த நாளைச் சபித்தான், கடவுளை வழக்குக்கு இழுத்தான். சிநேகிதர்களோ கடவுளுக்காக வக்காலத்து வாங்கினார்கள். வக்காலத்து வாங்கியவர்களுக்குக் கோபம், வழக்குப் போட்டவனுக்குப் பாராட்டு. ஞாயிறு பிரசங்கங்களில் இந்த முடிவின் மேல் அதிக நேரம் நிற்பதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சபைக்கு வருகிறவர் இல்லை. செவ்வாய், வெள்ளி அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அத்தானை, என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை ஒரு தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். "ஏட்டி, நீ போயி தலைக்கு ஊத்திட்டு வா. அண்ணாச்சி பக்கத்துல நான் இருக்கேன். அவசரமில்ல, மெதுவா வா." அவ்வளவுதான் பேச்சு. கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் தனியாக இருந்த முதல் நேரம் அதுதான். வெளியே வந்தபோது தட்டில் இட்லியும் சட்னியும் இருந்தது. உண்டேன், அத்தான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனேன். எழுப்பாமல் மத்தியானம் வரை அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு இவ்வளவு பெரிய சோர்வு. தேவதூதன் வந்து அவரைத் திட்டவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு சட்டி தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது தடவையும் வந்து சாப்பாடுதான் கொடுத்தான், பயணம் தூரம் என்றான். பேச வேண்டியதை ஓரேப் மலையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று கர்த்தரே தள்ளிப்போட்டிருக்கிறார். எனக்குச் சூரைச்செடி எங்கள் பின்வாசல். தூதன் கையில் தூக்குச்சட்டி. அக்காவிடம் இதை ஒரு தடவை சொன்னேன். "நல்லாச் சொன்ன போ, தேவதூதனுக்கு மூட்டுவலி வேற" என்று சிரித்தார்.

பணக் கஷ்டத்தை நீட்டப் போவதில்லை. அவர் பார்த்த வேலை போய்விட்டது, நகை அடகுக்குப் போனது, ஸ்கூட்டர் போனது, நான் தையல் மெஷினை மறுபடி எடுத்தேன். இந்த வரிகள் எத்தனையோ வீட்டுக்குப் பொருந்தும். பேச்சு போனதுதான் எங்களுக்குப் பெரிய அடி.

வலது கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பக்கம். அங்கே அடிபட்டால் வலது கைகாலும் போகும், பேச்சும் போகும். அஃபேசியா என்கிறார்கள். புத்தி போகவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், வார்த்தைதான் எழும்பி வராது. தண்ணீர் கேட்க வந்து "கதவு" என்பார். தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் சிவக்கும். என் பெயர் வரவில்லை. மகள் பெயர் வரவில்லை. அவள் கல்லூரியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்து தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவாள்.

எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. ஒரு நாள் நானும் மகளும் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தோம், அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் பாடுகிற பாட்டு. இரண்டாவது அடியில் மூன்றாவது குரல் ஒன்று சேர்ந்தது. கரகரவென்று, சுருதி விலகி. அவர் பாட்டுக்குழுவில் நின்றவரில்லை, நல்ல நாளிலேயே சுருதி சேராது. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் சுத்தமாக வந்தது. பாட்டு முடிந்ததும் பரமண்டல ஜெபம் சொன்னோம், அதையும் முழுக்கச் சொன்னார். ஜெபம் முடிந்து, "அத்தான், தண்ணி வேணுமா?" என்றேன். வாய் திறந்தது. வார்த்தை இல்லை.

செய்தி பரவி, மறுநாளே ஒரு ஜெபக்குழு சகோதரர் வந்துவிட்டார். நாவின் கட்டு அவிழ்ந்துவிட்டது, ஒரு மாசத்தில் சரளமாகப் பேசுவார் என்று கையுயர்த்திச் சொன்னார். நானும் ஆமென் சொன்னேன். எரேமியாவே சொல்லியிருக்கும்போது எனக்கென்ன? ஆமென் சொல்வதில் தயக்கமில்லை, தேதி போடுவதில்தான் எனக்குத் தயக்கம்.

பேச்சுப் பயிற்சி தரும் தங்கச்சியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. இது நிறைய நோயாளிகளிடம் பார்க்கிறதுதான் அக்கா என்றாள். புதிதாக ஒரு வாக்கியம் உண்டாக்குவது ஒரு வேலை, சின்ன வயசிலிருந்து மனசில் பதிந்ததைச் சொல்வது வேறு வேலை. ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், ஜெபங்கள், கெட்ட வார்த்தைகள்கூட அப்படித் தப்பித்து வரும். பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் கைகொடுக்கிறது என்கிறார்கள். இதை வைத்தே, ராகமாக இழுத்து வார்த்தையைப் பழக்கும் ஒரு பயிற்சி முறை 1970-களில் அமெரிக்காவில் உருவானதாம். அவருக்கு அதையும் செய்தாள். "த...ண்...ணி" என்று தாளம் தட்டிக்கொண்டே.

அற்புதம் இல்லை என்று சொல்லிவிட்டாளே, உங்களுக்கு வருத்தமில்லையா என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. என் மாமனார் ஒரு சாதாரண ஆரம்பப்பள்ளி வாத்தியார். ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடவைப்பாராம். தூங்கி விழுந்தால் முதுகில் ஒன்று வைப்பாராம். அந்தக் கண்டிப்பான மனுஷர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் மகனின் மனசுக்குள் போட்டு வைத்தது, எல்லாம் போனபோது மீந்து நின்றது. இதை எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள். மூளையை அப்படிப் படைத்தவருக்குத்தான் நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

மகள் கதை வேறு. அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை, எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை. ஒரு நாள் நான் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சங்கீதங்களில் பெரிய பங்கு புலம்பல்தான், ஆனால் மற்றவற்றில் பெரும்பாலானவை கடைசியிலாவது ஒரு திருப்பம் எடுத்து, இருந்தாலும் உம்மைத் துதிப்பேன் என்று முடியும். 88 அப்படி இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதரும் போய்விட்டார்கள், இருள்தான் மிச்சம் என்று அப்படியே நின்றுவிடும். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் இதைப் பெரிய வெள்ளி மாலைக்கு வைத்திருக்கிறது. மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதெல்லாம் பைபிள்லயா இருக்கு?" என்றாள். "இருக்கு." "இத ஏன் யாரும் அட்டையில போட மாட்டேங்காவ?" நான் பதில் சொல்லவில்லை. அவள் வந்து புத்தகத்தை வாங்கி, மனசுக்குள் ஒரு தடவை வாசித்தாள். அடுத்த ஞாயிறே கோயிலுக்கு வந்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடவுளோடு சண்டை போடுகிறாள். முன்பு பேச்சே இல்லாமல் இருந்தது.

நாம் ஜெபிக்கும்போது ரொம்ப அவசரமாக, உமது சித்தம் ஆகக்கடவது என்பதற்குப் போய்விடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பதே மரியாதைக் குறைவு என்பதுபோல. கெத்செமனேயில் இயேசு முதலில் கேட்டது, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்பதுதான். சித்தம் அடுத்ததாகத்தான் வருகிறது. அதுவும் ஒரு தடவையில் முடியவில்லை, மூன்று தடவை போய்க் கேட்டார். அவருக்கே மூன்று தடவை தேவைப்பட்டது.

எங்கள் ஊரிலிருந்து களக்காட்டுப் பக்கம் போனால் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தெரியாத நெல்லைக் கிறிஸ்தவர் இருக்க மாட்டார்கள். அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்து, கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். பிரசங்கங்களில் அவருடைய சேவையைச் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதற்குப் பிந்திய பகுதி. 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போன இடத்தில், சாயங்கால இருட்டில் வெட்டிப் போட்டிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள் இருந்தார். குணமாக வேண்டும் என்று அவருக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவே இருந்திருக்காது.

படுத்த கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்கு ஆறுதல் என்று வந்து சேர்ந்த துண்டுப்பிரதிகள் எல்லாம் ஆரோக்கியமானவர்கள் எழுதியவை. படுக்கையில் கிடப்பவருக்கு அவை ஒட்டவில்லை. அதனால் தானே, வலி இருக்கும்போதே, டோனாவூரில் நோயாய்க் கிடந்தவர்களுக்குக் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். அவை 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்று 1933-ல் புத்தகமாயின. நன்றாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதியதாக இல்லாமல், நோயாளி நோயாளிக்கு எழுதியது. அவருடைய கல்லறையைப் பார்த்திருக்கிறேன். பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இன்னொருவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அப்போது அவர் இளம் டாக்டர். தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூரில் படுக்கை வசதியோடு மறுவாழ்வு மையம் திறந்தது. கால் திரும்பவில்லை. 1986-ல் இறக்கும் வரை திரும்பவில்லை. பாபிலோனில் தோட்டம் போட்டவர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. முடிந்த கதைகள் மட்டுமே அங்கே ஏறும். வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது, கட்டி கரைந்தது, விசா வந்தது. கேட்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நடுவழியில் நிற்பவர் மைக்கைப் பிடிப்பதில்லை. இன்னும் வேலை கிடைக்கவில்லை, இன்னும் வலிக்கிறது, போன வாரம் ஜெபமே பண்ண முடியவில்லை, இருந்தாலும் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல நம்மிடம் ஒரு நேரம் இல்லை. அதனால் கஷ்டத்தில் இருப்பவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து போய்விடுகிறார்கள். போன லெந்து நாட்களில் ஒரு வீட்டு ஜெபத்தில் நான் இப்படி ஒரு சாட்சி சொன்னேன். முடிவு என்ன என்று எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். முடிவு இல்லை, இவ்வளவுதான் இதுவரை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் என்னிடம் வந்து, அடுக்களைப் பக்கமாகக் கூப்பிட்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பது எங்களோடு.

உபத்திரவம் பொறுமையையும், பொறுமை அனுபவத்தையும், அனுபவம் நம்பிக்கையையும் உண்டாக்கும் என்ற கருத்து ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. இதை அரவை மில் மாதிரி ஆக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரு எண்ணம்: இந்தப் பக்கம் கஷ்டத்தைப் போட்டால் அந்தப் பக்கம் நம்பிக்கை வரும். எனக்குத் தெரிந்து கஷ்டத்தில் கசந்துபோனவர்கள் நிறைய. குறுகிப்போனவர்கள், குடிக்குப் போனவர்கள், யாரோடும் பேசாமல் ஆனவர்கள். நல்ல மனுஷர்கள்தான். கஷ்டம் தானாக யாரையும் வளர்ப்பதில்லை. பவுல் அதை எழுதியது ரோமிலிருந்த ஒரு சபைக்கு, எல்லாரும் ஒன்றாகக் கூடிக் கேட்க. தனியாக ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உபத்திரவப்படுகிற ஆளுக்கு அந்தச் சங்கிலி எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது தூக்குச்சட்டி வழியாக, தாளம் தட்டிச் சொல்லிக்கொடுத்த தங்கச்சி வழியாக, என்றோ போய்ச்சேர்ந்த மாமனார் வழியாக வந்தது.

நான் மாறியிருக்கிறேனா? கொஞ்சம். முன்பெல்லாம் இழவு வீட்டுக்குப் போனால் என்ன வசனம் சொல்வது என்று வழியெல்லாம் யோசிப்பேன். இப்போது என்ன கொண்டுபோவது என்று யோசிக்கிறேன், பெரும்பாலும் ஒரு பிளாஸ்க் காப்பி. கடவுள் ஏன் இதைச் செய்தார் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். ஜெபம் சின்னதாகிவிட்டது, சில நாள் "இன்னைக்கு மட்டும்" என்பதோடு முடிந்துவிடும். பாதி ராத்திரியில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது எரிச்சல் வருவது மட்டும் போகவில்லை, எப்போது போகும் என்றும் தெரியாது.

அத்தான் இப்போது ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடக்கிறார். வலது கை பெரிதாக வரவில்லை. இடது கையால் சாப்பிடுகிறார், முதலில் கூச்சப்பட்டார், இப்போது இல்லை. சின்னச் சின்ன வாக்கியம் வருகிறது. மகள் பெயர் வந்துவிட்டது. என் பெயர் சில நாள் வருகிறது, வராத நாட்களில் "ஏ" என்று கூப்பிடுகிறார், அது கல்யாணமான புதிதிலும் அப்படித்தான்.

பார்க்க வருகிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாக வாருங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் என்றால் அவர் தெளிவாக இருப்பார். முன்னால் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். சத்தமாகப் பேச வேண்டாம், காது நன்றாகவே கேட்கும். என்னைப் பார்த்து "என்ன சொல்லுதாவ?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும். பாதியில் நிற்பார், கண்ணை மூடித் தேடுவார். நீங்களாக வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது அவருக்குப் பிடிக்காது. காப்பி வேண்டுமா, டீ வேண்டுமா என்று உங்களிடம் அவர்தான் கேட்பார், பழகிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருங்கள்.